உருத்திராக்கம் அணிவோர்க்கு: எப்போது கழுத்தில், எப்போது ஆணியில்

கேள்வி சுருக்கமாக இதுதான். காசிக்குப் போய்வந்த மாமனார், மகனுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கு ஓர் ஐந்துமுக உருத்திராக்க மாலை (மணிக்கு ஐந்து கோடுகள் உள்ளது) வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் ஓரிரு நாள் வீட்டில் அசைவம் உண்டு. தூங்கும்போது மாலையைக் கழற்ற வேண்டுமா, கழிப்பறைக்குப் போகும்போது என்ன செய்வது, துக்க வீட்டுக்கு அணிந்து போகலாமா, பெண்கள் அணியலாமா, அணிந்தபின் ஏதேனும் தவறு நேர்ந்தால் குற்றமாகிவிடுமா என்று மருமகள் கடிதத்தில் கேட்டிருக்கிறார். ஆளாளுக்கு ஒன்று சொல்வதால் ஆறு மாதமாக இரண்டு மாலைகளும் பூசை அலமாரியில் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றனவாம்.

அந்தக் கடைசிச் செய்திதான் என்னை உடனே எழுத வைத்தது. நான் சமய தீட்சை பெற்றவன். தந்தையாரிடம் கற்றுக்கொண்டு, கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகளாக உருத்திராக்கம் கோத்துக் கொடுத்து வருகிறேன். மாலையை வாங்கிக்கொண்டு போய் அணியாமலே வைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். அலட்சியத்தால் அப்படிச் செய்தவர்கள் அவர்களில் குறைவு, அஞ்சியவர்களே மிகுதி. பெரியவர் ஒருவர் அவ்வளவு தூரம் சுமந்து வந்து அன்போடு கொடுத்த பொருளைப் பயத்தால் பூட்டி வைப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது. ஆகவே நூல் சொல்வது எது, வீட்டு வழக்கம் எது, என் சொந்தக் கருத்து எது என்பதை ஒன்றோடொன்று கலக்காமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். மாலை என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறோம். கழுத்தில் அணிகின்ற உருத்திராக்கம் ஒன்று. கண்டிகை என்பது அதற்குப் பழைய பெயர். கையில் பிடித்து மந்திரம் எண்ணுகின்ற செபமாலை இரண்டாவது. ஐயப்பனுக்கோ முருகனுக்கோ விரதம் பூண்டு போட்டுக்கொள்கின்ற மாலை மூன்றாவது. இம்மூன்றுக்கும் விதிகள் வேறு வேறு. ஒன்றன் விதியை எடுத்து மற்றொன்றன் மேல் ஏற்றுவதால்தான் இத்தனை அச்சமும் வருகிறது என்பது என் அனுபவம்.

எடுத்துக்காட்டாக, 'ஒரு முறை போட்டால் கழற்றவே கூடாது' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது விரத மாலையின் விதி. கார்த்திகை முதல் நாள் குருசாமி கையால் துளசிமணியோ உருத்திராக்கமோ போட்டுக்கொண்டவர், ஒரு மண்டலம் நோன்பிருந்து, மலைக்குப் போய்த் திரும்பி வந்து, உரிய முறையில் இறக்கும் வரையில் உறக்கத்திலும் அது அவர் கழுத்திலேயே இருக்கும். நெருங்கிய உறவில் சாவு நேர்ந்தால் மட்டும் இடையில் கழற்றுவார்கள். அந்த மாலையே விரதத்தின் உருவம், ஆகையால் அதைக் கழற்றுவது விரதத்தை முறிப்பதாகும். அதுபோல, 'பிறர் கண்ணில் படக் கூடாது, சுட்டுவிரல் படக் கூடாது' என்பவை செபமாலைக்கு உரியவை. உங்கள் மாமனார் கொடுத்தது இவ்விரண்டும் அன்று. அது நாள்தோறும் அணிகின்ற சிவசின்னம். அதைக் கழற்றலாம்; இன்னும் சொல்லப்போனால், சில வேளைகளில் கழற்றத்தான் வேண்டும் என்பதே நம் சைவ மரபு.

இந்த மரபைத் தெளிவாக எழுதி வைத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). அவருடைய சைவ வினாவிடையில் உருத்திராக்கத்துக்கென்றே ஓர் இயல் உண்டு. அங்கே அவர் குடுமி, தலை, காது, கழுத்து, மார்பு, புயம், கை, பூணூல் என அணியும் இடங்களைச் சொல்லி, ஒவ்வோர் இடத்துக்கும் மணிக் கணக்கும் தருகிறார். கழுத்துக்கு 32, மார்புக்கு 108, புயத்துக்கு 16, கைக்கு 12. பிறகு, இவ்விடங்களில் எல்லாம் எப்போதும் அணிந்திருக்கலாமா என்ற கேள்வியை அவரே எழுப்பி, குடுமியிலும் காதிலும் பூணூலிலும் எப்போதும் இருக்கலாம் என்றும், மற்ற இடங்களில் உறங்கும்போதும், மலசலம் கழிக்கும்போதும், நோயுற்ற காலத்திலும், பிறப்புத் தீட்டு இறப்புத் தீட்டுக் காலங்களிலும் அணியலாகாது என்றும் விடை சொல்கிறார். உங்கள் கேள்விகளில் பாதிக்கு இந்த ஓர் இடத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

உறக்கத்தில் கழற்றுவதற்கு உலகியல் காரணமும் உண்டு. புரண்டு படுக்கும்போது மாலை முதுகுக்கு அடியில் போகும், மணியின் முள் தோலில் அழுந்தும், நூல் தேயும். சிறு குழந்தைகளுக்குக் கயிற்றில் மணி கட்டி விட்டிருப்பவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். கழுத்தில் கயிறோடு குழந்தையைத் தூங்க வைப்பது ஆபத்து. எப்போதும் கழற்றாமல் அணிந்திருக்கச் சொல்லும் மரபுகளும் இருக்கின்றன. உங்களுக்குக் குரு ஒருவர் இருந்து, அவர் அப்படி அணியச் சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்கு விதி. அவ்வாறு யாரும் சொல்லாதபோது, இல்லறத்தார் இரவில் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் குளித்துத் திருநீறு பூசியபின் அணிவதே நல்லது. கணவன் மனைவி தனித்திருக்கும் வேளைக்கும் இதே முறைதான். இரவில் கழற்றிவிடும் வழக்கம் இருந்தால் அதைத் தனியே நினைவில் வைத்துக்கொள்ளவும் தேவையில்லை.

எங்கள் வீட்டில் பூசை மாடத்துக்கு வலப்புறம், தலை உயரத்தில், ஒரு பித்தளை ஆணி உண்டு. தந்தையார் இரவு கைகால் கழுவிவிட்டு வந்து, மாலையை இரு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அந்த ஆணியில் மாட்டுவார். ஐம்பது வருடம் ஒரே இடத்தில் தொங்கியதால், சுண்ணாம்புச் சுவரில் மணிகளின் எண்ணெய் பட்டு வளைவாக ஒரு கறுத்த தடம் விழுந்திருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்போம். சித்திரைக்குள் தடம் மீண்டும் தெரியும். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாலையைக் கழற்றுவதில் தவறே இல்லை. கழற்றிய மாலையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. தலையணைக்கு அடியில், சட்டைப் பையில், சாவிக் கொத்தோடு மேசையில், குளியலறை சன்னல் விளிம்பில் என்று வைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஓர் ஆணியோ, மூடியுள்ள ஒரு சிறு கிண்ணமோ அதற்கென்றே இருக்கட்டும்.

கழிப்பறை விஷயம் வீட்டில் எளிது; வெளியில்தான் கடினம். அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது நடைமுறையில் இயலாது. இயன்றாலும், கழற்றிய மாலையை வைக்க அங்கே தூய இடமும் இராது. தொலைந்துபோகவும் வாய்ப்புண்டு. பூணூல் அணிந்தவர்கள் அவ்வேளையில் அதை வலக்காதில் சுற்றிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். மதிப்புக்குரிய பொருளை அசுத்தத்திலிருந்து விலக்கி உயர்த்துவது அதன் நோக்கம். அதே நோக்கத்தோடு, மாலையைச் சட்டைக்குள் அல்லது சேலைக்குள் மேலேற்றிச் செருகிக்கொண்டு, வந்தபின் கைகால் கழுவி ஒரு முறை சிவநாமம் சொன்னால் போதும் என்பது என் கருத்து. இதுவும் மனத்துக்கு ஒவ்வாதவர்கள் அலுவலக நாட்களில் வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். காலையும் மாலையும் பூசை வேளையில் மட்டும் அணிகின்ற பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பக்தி எவ்வகையிலும் குறைந்ததன்று.

அடுத்தது துக்க வீடு. இங்கே ஒரு பெரிய தவறான புரிதல் பரவியிருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பங்காளி வீட்டில் சாவு நேர்ந்து உங்களுக்குத் தீட்டு உண்டென்றால், அந்த நாட்கள் முழுதும் மாலை ஆணியில் இருக்க வேண்டும். கருமாதி முடிந்து வீடு கழுவித் தீட்டுக் கழிந்தபின் மாலையையும் நீரில் கழுவி அணியலாம். தெரிந்தவர் வீட்டில் இறந்தவருக்குப் பூமாலை போடப் போகிறீர்கள், உங்களுக்குத் தீட்டு இல்லை என்றால், புறப்படும் முன் கழற்றி வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து குளித்தபின் அணிந்துகொண்டால் அத்துடன் முடிந்தது. அலுவலகத்திலிருந்து நேரே போக நேர்ந்துவிட்டால் கலங்க வேண்டாம். ஒரு சுத்தமான கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் திவசம் வேறு. தாய் தந்தையர்க்குச் செய்யும் ஆண்டுத் திதியன்று உருத்திராக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'சாவு சம்பந்தப்பட்டதல்லவா' என்று காரணம் சொல்வார்கள். அது நேர்மாறான செயல். தவறாமல் அணிய வேண்டிய காலங்களாக நாவலர் எண்ணும் சந்தியாவந்தனம், சிவமந்திர செபம், சிவபூசை, தியானம், சிவாலய தரிசனம், சிவபுராணம் படித்தல், கேட்டல் ஆகியவற்றின் வரிசையிலேயே சிராத்தத்தையும், அதாவது திவசத்தையும், சேர்த்திருக்கிறார். இறப்புத் தீட்டு என்பது விலகியிருக்கும் காலம். சிராத்தம் என்பது தூய்மையோடு செய்யும் கடமை. இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது.

அந்த வரிசையை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்கச் சொல்கிறேன். அது உங்களுடைய மிகக் கடினமான கேள்விக்கு வழி காட்டுகிறது. உணவைப் பற்றி நூல்கள் தயவு தாட்சணியம் இன்றிப் பேசுகின்றன. மதுவும் மாமிசமும் விலக்கியவரே உருத்திராக்கம் அணியத் தக்கவர் என்பது நாவலரின் முடிவு. வடமொழியில் சிவபுராணமும் உருத்திராக்க சாபால உபநிடதமும் மதுமாமிசத்தோடு வெங்காயம், பூண்டு, முருங்கை ஆகியவற்றையும் விலக்குப் பட்டியலில் சேர்க்கின்றன. தஞ்சைப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக உருத்திராக்கம் அணிந்த சைவ வீடுகளில் முருங்கைக்காய்ச் சாம்பார் கொதிக்காத வாரம் இல்லை; பட்டியலின் அந்தப் பகுதியை நம் மரபு இறுகப் பற்றவில்லை. மதுவையும் மாமிசத்தையும் பற்றிய விலக்கோ அப்படி நெகிழவில்லை. ஆகவே, 'அதெல்லாம் பரவாயில்லை, சாப்பிட்டுக்கொண்டே அணியலாம்' என்று நான் சொன்னால் அது பொய்யாகும்.

அதே நேரத்தில், அசைவம் உண்கின்ற வீட்டார் உருத்திராக்கத்தைத் தொடவே கூடாது என்று விரட்டுவதும் எனக்கு உடன்பாடன்று. என் கடைக்கு வரும் ஒரு தம்பதியர் ஞாயிறு மட்டும் அசைவம் சமைப்பவர்கள். சனிக்கிழமை இரவு ஆணியில் ஏறும் மாலை திங்கட்கிழமை காலை குளித்தபின்தான் இறங்கும். இப்படிப் பதினொரு வருடம் நடத்தி வருகிறார்கள். நீங்களும் அவ்வாறு தொடங்கலாம். அல்லது திங்கட்கிழமை, பிரதோசம், சிவராத்திரி, கோயிலுக்குப் போகும் நாள் என்று அந்த வரிசையில் உள்ள காலங்களில் மட்டும் அணியலாம். பூசைக்கும் ஆலய தரிசனத்துக்கும் அணிந்தால் மரபு வலியுறுத்திய காலங்களில் அணிந்தவர் ஆகிறீர்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உணவகத்தில் இலைக்கு முன் உட்கார்ந்ததும் ஓர் இளைஞர் மாலையைச் சட்டைக்குள் தள்ளிப் பொத்தானைப் போட்டுவிட்டுப் பிரியாணியில் கை வைத்ததை ஒரு நாள் பார்த்தேன். மறைக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் அந்தச் சங்கடமே இல்லை. மதுவைப் பொறுத்தவரை, மாலை கழுத்தில் இருக்கும்போது அது அறவே ஆகாது.

பெண்கள் அணியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அணியலாம். சிவபுராணத்தின் வித்தியேசுவர சங்கிதையில் உருத்திராக்கப் பெருமை சொல்லும் பகுதி, எல்லா வருணத்தாரும் எல்லா ஆசிரமத்தாரும் பெண்களும் சிவன் ஆணைப்படி உருத்திராக்கம் அணியலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தாலிக்கொடியோடு சேர்த்து அணியாமல், அதற்கு மேலோ கீழோ தனி மாலையாக இருந்தால் சிக்காது, அவ்வளவுதான். மாதவிலக்கு நாட்களில் கழற்றி வைப்பது பெரும்பாலான சைவ வீடுகளில் இன்றும் வழக்கம். உங்கள் வீட்டில் அந்த நாட்களில் பூசை அறைக்குள் போவதில்லை என்றால், முந்திய நாளே மாலையை மாட்டிவிட்டு, முடிந்தபின் தலைக்குக் குளித்து எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் மாலை கழுத்தில் இருக்கும்போதே வந்துவிட்டால் பாவம் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. கழற்றி நீரில் கழுவி வையுங்கள், போதும். மாலை கழுத்தில் இல்லாத நாட்களிலும் ஐந்தெழுத்தை மனத்தில் நினைக்கத் தடையில்லை. திருஞானசம்பந்தரின் பஞ்சாக்கரப் பதிகம் உறங்கும்போதும் உறங்காதபோதும் நினையுங்கள் என்றுதான் தொடங்குகிறது.

நோயுற்ற காலத்தில் கழற்ற வேண்டும் என்ற விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நோய் தீரும் என்று நம்பி அப்போதுதான் புதிதாக வாங்கிப் போடுகிறார்கள். படுக்கையில் கிடப்பவரின் கழுத்தில் வியர்வையும் மருந்தும் பட்டு மாலை அசுத்தமாகும் என்பதே அந்த விதியின் பொருள். தலைமாட்டில் தூய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் கழற்றச் சொன்னால் மறுக்காமல் கழற்றிக் கொடுங்கள், குறிப்பாக எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கம்பியில் கோத்த மாலை உடம்பில் இருக்கவே கூடாது. இரத்த அழுத்தத்துக்கு உருத்திராக்கம் போதும் என்று மாத்திரையை நிறுத்தியவர்களும் என்னிடம் வந்ததுண்டு. அவர்களை அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

குளிக்கும்போது அணிந்திருக்கலாமா? அணிந்திருக்கலாம், நாவலர் இதற்கு மிக அழகாக விடை சொல்கிறார். குளிக்கும்போது மணியில் பட்டு வடியும் நீர் கங்கை நீருக்குச் சமம் என்கிறார். ஆனால் அவர் காலத்தில் இன்றுள்ள சோப்பும் சாம்பூவும் இல்லை. மணியின் பள்ளங்களில் சோப்பு நுரை புகுந்து வெள்ளையாகக் காய்ந்துவிடும். மணி வறண்டு நாளடைவில் விரிசல் விடும். ஆகவே சோப்புப் போட்டுக் குளித்து முடித்தபின், மாலையை அணிந்துகொண்டு இரண்டு சொம்புத் தண்ணீர் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். நாவலர் சொன்ன புண்ணியமும் உண்டு, மணியும் கெடாது. நீச்சல் குளத்து மருந்துத் தண்ணீருக்குள் மாலையோடு இறங்காதீர்கள்.

பராமரிப்பு எளியதுதான். மாதம் ஒரு முறை, பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மணியின் பள்ளத்திலும் உள்ள அழுக்கை வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நிழலில் ஒரு நாள் உலர விட்டு, உள்ளங்கையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு மாலையை உருட்டித் தடவுங்கள். புது மணி இளம் பழுப்பாக இருக்கும். உடம்பின் எண்ணெயும் நல்லெண்ணெயும் சேரச் சேர, பத்துப் பதினைந்து வருடத்தில் புளியங்கொட்டை போலக் கருத்து மினுமினுக்கும். கடையிலேயே மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது பூசிய சாயம். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து மாற்றினால் போய்விடும். பாலில் ஊறவைப்பவர்கள் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் துளைக்குள் பால் திரிந்து நாற்றமெடுக்கும்.

என் அனுபவத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது நூல்தான். சில ஆண்டுகளுக்கு முன் மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். திருவிடைமருதூர் தாண்டும்போது, தோள்பையின் வார் சிக்கி என் கழுத்து மாலை அறுந்தது. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று நானே தள்ளிப்போட்டு வந்த நூல். 32 மணியும் இருக்கைகளுக்கு அடியில் உருண்டு ஓடின. நெரிசலில் நின்றவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வழி விட்டார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுமி குனிந்து குனிந்து பொறுக்கித் தன் பாவாடையில் சேர்த்துக் கொடுத்தாள். கும்பகோணம் வந்து எண்ணிப் பார்த்தபோது 31 இருந்தது. பிறர் காலில் அந்த மணிகள் மிதிபட நேர்ந்ததே என்று பல நாள் வருந்தினேன். மாலை அறுந்தால் கெட்ட சகுனம் என்று அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நூல் நைந்தது, அறுந்தது, அதற்குமேல் அதில் பொருள் இல்லை. பட்டு நூலானாலும் பருத்தி நூலானாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோத்தால், அறுந்தாலும் ஒன்றிரண்டுக்கு மேல் சிதறாது. வெள்ளிக் கம்பியில் கட்டுவதானால், கண்ணிகளின் முனை சட்டையைக் கிழிக்காதபடி உள்ளே மடித்துத் தரச் சொல்லுங்கள். மணிகளை முகத்தோடு முகமும் அடியோடு அடியும் பொருந்தக் கோப்பதே முறை; அவசரக் கோப்பில் இதை விட்டுவிடுவார்கள்.

மாலை விஷயத்தில் பிறரிடம் நடந்துகொள்வதிலும் சில மரியாதைகள் உண்டு. ஒருவர் அணிந்திருக்கும் மாலையைக் கேட்காமல் கையில் எடுத்து 'எத்தனை முகம்' என்று திருப்பிப் பார்ப்பது நாகரிகமன்று. பார்க்க விரும்பினால் கேட்டுவிட்டு, அவர் கழற்றிக் கொடுத்தால் இரு கைகளாலும் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். அணிந்த மாலையை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பதும் வழக்கமில்லை. கணவர் மாலையை மனைவியோ, மனைவி மாலையைக் கணவரோ அவசரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளாமல் அடையாளமாக ஒரு பவளத்தைக் கோத்துவைத்துக்கொள்ளலாம். தந்தை அணிந்த மாலையை அவர் காலத்துக்குப்பின் மகனோ மகளோ அணியலாமா என்றும் கேட்பார்கள். கழுவி, நூல் மாற்றி, சுவாமி பாதத்தில் வைத்து எடுத்து அணியலாம். நான் இப்போது அணிந்திருப்பதே அப்படி வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார், திருநீறும் சடைமுடியுமாகச் சிவனடியார் கோலத்தில் வந்த பகைவன் முத்தநாதன் தம்மைக் குத்தியபோதும், 'இவர் நம்மவர்' என்று காவலன் தத்தனைத் தடுத்து, அவனை ஊர் எல்லை வரை பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறும். கோலத்துக்கு அவர் அளித்த மதிப்பு அது. சைவக் கோலத்தில் ஒருவரைக் கண்டால் எதிரில் இருப்பவர் இன்றும் சற்று அதிகமாகவே நம்பிவிடுகிறார். கடையில் கடன் தருகிறார், வண்டியில் இடம் தருகிறார், சொன்ன விலையைப் பேசாமல் கொடுக்கிறார். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி ஒருவரை ஏமாற்றுவது, தூங்கும்போது மாலையைக் கழற்ற மறந்ததைவிடப் பன்மடங்கு பெரிய குற்றம் என்றே நான் கருதுகிறேன். மாலை கழுத்தில் இருக்கும்போது வாயில் வசைச்சொல் வராமல் பார்த்துக்கொள்வதும் இந்த ஒழுங்கைச் சேர்ந்ததே. தந்தையாருக்குக் கோபம் மிகுந்தால் பேசுமுன் கை மாலைக்குப் போகும். ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருப்பார்.

உங்கள் மாலைகள் உண்மையானவையா என்ற ஐயம் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஐந்துமுகம் என்றால் பெரிதும் கவலைப்பட வேண்டாம். மரத்தில் மிகுதியாகக் காய்ப்பதே அதுதான், ஆகவே போலி செய்ய அவசியம் குறைவு. நீலநிறப் பழத்தின் தோலையும் சதையையும் நீக்கினால் கிடைக்கும் கொட்டையே இந்த மணி. நேபாளத்திலிருந்து வருபவை பெரியவை, சாவகத்திலிருந்து வருபவை சிறியவை. நெல்லிக்கனி அளவு உத்தமம், இலந்தைக்கனி அளவு மத்திமம், கடலை அளவு அதமம் என்று நூல்கள் சொல்லும். ஆனால் அன்றாடம் சட்டைக்குள் அணிய நடுத்தர மணியே வசதி. முகக்கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடையறாமல் ஓடுகிறதா, பூச்சி அரித்த துளை இருக்கிறதா, மணி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் மூழ்கினால் அசல் என்பதை நம்பாதீர்கள். நன்கு உலர்ந்த நல்ல மணி மிதக்கவும் கூடும். உள்ளே ஈயம் வைத்த போலி மூழ்கும். ஒருமுகம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவரிடமிருந்தும், உங்கள் இராசிக்கு இந்த முகம்தான் ஆகும் என்பவரிடமிருந்தும் விலகியிருங்கள். ஈசானம், தத்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்னும் சிவபெருமானின் ஐந்து திருமுகங்களையும் நினைக்கச் செய்யும் ஐந்துமுக மணி எவருக்கும் ஆகும்.

செபம் செய்ய விரும்பினால் இந்த மாலையையே கழற்றி எண்ண வேண்டாம். அதற்குத் தனியே 27 மணி கொண்ட ஒரு சிறு மாலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லறத்தாருக்கு அந்த எண்ணே சிறந்தது என்பது மரபு. 54-உம் 108-உம் ஆகும். சுட்டுவிரல் படாமல் பெருவிரலாலும் நடுவிரலாலும் மணியைத் தள்ளி, மாலையின் தலைமணியாகிய நாயகமணி வந்ததும் அதைக் கடக்காமல் மாலையைத் திருப்பிக்கொண்டு, ஒரு துணியால் மூடியபடி செபிக்க வேண்டும். முடிந்ததும் அது பைக்குள் போக வேண்டும். கழுத்துக்கு வரக் கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இரண்டு மாலைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து வெறும் தண்ணீரில் கழுவி உலர்த்தி, ஒரு நாள் நெய்யில் ஊறவைத்துத் துடையுங்கள். ஆறு மாதம் பெட்டிக்குள் இருந்த நூலை இழுத்துப் பாருங்கள். நைந்திருந்தால் முடிச்சுப் போட்டு மாற்றிக் கோக்கக் கொடுங்கள். வருகிற திங்கட்கிழமையோ பிரதோசத்தன்றோ அருகிலுள்ள சிவன் கோயிலுக்கு எடுத்துச் சென்று, சிவாசாரியாரிடம் கொடுத்துச் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கி வாருங்கள். உங்கள் மாமனாரை அழைத்து, அவர் கையால் அணிவிக்கச் சொல்லி, காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னதாக, பூசை அலமாரிக்குப் பக்கத்தில், உங்கள் கைக்கு எட்டுகிற உயரத்திலும் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்திலும் இரண்டு ஆணிகள் அடித்துவிடுங்கள்.